நீ நட்ட இரண்டாவது கொம்பு

அக்கா,

நான்கு நாளாக விடாத மழை. கம்பெனிக்கு லீவு விட்டுவிட்டார்கள். சுங்குவார்சத்திரம் போகும் சாலையில் முழங்கால் அளவு தண்ணீர். செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்துவிட்டார்கள், பட்டணத்துப் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் போய்விட்டது என்று உன் வீட்டுக்காரர், மாமா, காலையில் ரேடியோ கேட்டுவிட்டு வந்து சொன்னார். நம் தெரு மேட்டில் இருப்பதால் தப்பித்தோம்.

என் மகள் யாழினிக்கு நெஞ்சில் சளி. நேற்றே தேவா அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு தண்ணீரில் நடந்துபோய் டாக்டரிடம் காட்டிவிட்டு வந்தார். மருந்து கொடுத்தாயிற்று. ஆனாலும் இன்று எழுந்ததும் ‘பச்சை அடை’ வேண்டும் என்றாள். கொல்லைப்புறம் போய்க் கல்யாண முருங்கையில் ஒரு கொத்து ஒடித்தேன். முள் மணிக்கட்டைக் கீறிவிட்டது. கரண்ட் இல்லை, மிக்ஸி ஓடாது. உன் அம்மியைக் கழுவி, ஊறவைத்த அரிசியையும் மிளகையும் இலையையும் வைத்து அரைக்க ஆரம்பித்தேன். இலை நசுங்கியதும் அந்த வாசனை வந்தது பார், லேசான கசப்போடு, மழையில் நனைந்த வேலி மாதிரி. குழவியைப் பிடித்தபடியே கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டேன். நீ போய் இரண்டு வருடம் ஆகப்போகிறது. உன்னிடம் பேச வேண்டும் என்று இத்தனை நாள் ஒத்திப்போட்டதை இன்று பேசிவிடலாம் என்று தோன்றியது.

இந்த வாசனையில்தான் நான் உன்னை முதலில் தெரிந்துகொண்டேன். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்து, உன் வீட்டுக்குப் பின்னால் இருந்த சிமெண்ட் ஷீட் அறையில் இன்னும் மூன்று பெண்களோடு குடியேறிய முதல் மாதம். எட்டு மணி நேரம் ஏசிக்குள் நின்று சர்க்யூட் போர்டு செக் பண்ணும் வேலை. வந்த இரண்டாம் வாரமே இருமல் பிடித்துக்கொண்டது. எங்கள் கம்பெனி கேன்டீனில் சாப்பாடு பரிமாறுகிற வேலை உனக்கு. அங்கே நான் இருமியதைக் கேட்டிருக்கிறாய். மறுநாள் காலையில் கதவைத் தட்டி ஒரு தட்டை நீட்டினாய். கரும்பச்சையாக ஒரு அடை.

“முருங்கைக்கீரையாக்கா?” என்றேன்.

“அது வேற, இது வேற. இது முள்ளு முருங்க. மூணு மூணு எலையா கீது பாரு. துன்னு, சளி அத்தினியும் எறங்கிடும்.”

“எங்க ஊர்ல இதக் கல்யாண முருங்கைன்னு சொல்லுவோம்.”

“பேரப் பாரு! மரம் பூரா முள்ளு, பேரு மட்டும் கல்யாணம்” என்று சிரித்தாய். அப்போது உனக்கு முப்பது வயதுகூட ஆகியிருக்காது. உன் மகள், பன்னிரண்டு வயது ரேவதி, உன் முதுகுக்குப் பின்னாலிருந்து என்னை எட்டிப் பார்த்தாள். நான் ‘நீங்க, வாங்க’ என்று பேசப்போக, “இன்னாத்துக்கு இத்தினி மரியாத? நான் இன்னா டீச்சரா?” என்று அதட்டினாய். அன்றிலிருந்து நீ எனக்கு ‘நீ’ ஆனாய்.

தேவா விஷயத்தை முதலில் உன்னிடம்தான் சொன்னேன். சொன்னேன் என்பதுகூடப் பொய். நீயே கண்டுபிடித்தாய். ஒரகடத்தில் ஒரு கம்பெனி கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர், வாலாஜாபாத் பக்கத்து ஆள், எதற்குத் தினமும் நம் தெருமுனை டீக்கடைக்கு வர வேண்டும் என்று கேட்டாய். “நல்ல பையனாத்தான் தெரியுது. ஆனா வேற ஆளுங்க. உங்க வூட்ல ஒத்துக்குவாங்களா?” என்றாய். ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

அப்பா வந்த ஞாயிற்றுக்கிழமை உனக்கு நினைவிருக்கும். யாரோ ஊரில் சொல்லிவிட்டார்கள். ராத்திரி முழுக்க பஸ்ஸில் வந்து, மத்தியான வெயிலில் உன் வீட்டு வாசலில் ரெக்ஸின் பையோடு நின்றார். நாற்காலி போட்டாய், உட்காரவில்லை. சொம்பில் தண்ணீர் கொடுத்தாய், கையில் வாங்கி அப்படியே வைத்திருந்தார்.

“எம்மா, எம் மவள அனுப்பிவச்சிருங்க. நான் கூட்டிட்டுப் போயிருதேன்.”

“உங்க பொண்ணு, கூட்டிகினு போங்க. நான் யாரு தடுக்க? ஆனா அவ வாயால ஒரு வார்த்த கேட்டுடலாம்” என்று சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினாய். “இன்னாடி, போறியா?”

உன்னைப் பார்த்தே, “போகலக்கா” என்றேன்.

“அவுககிட்ட சொல்லாத. எங்கிட்ட சொல்லு” என்றார் அப்பா.

“வரலப்பா.”

சொம்பைக் கீழே வைத்துவிட்டு நடந்துவிட்டார். ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை. நீ செருப்பை மாட்டிக்கொண்டு பின்னாலேயே ஓடினாய். இரண்டு மணி நேரம் கழித்துத்தான் திரும்பி வந்தாய்.

“பஸ் ஏத்திட்டு வந்தேன்.”

“என்னக்கா சொன்னாங்க?”

“அங்க மழ இல்லியாம். பருத்தி சரியா வரலன்னாரு.” அதற்கு மேல் எவ்வளவு கேட்டும் நீ வாயைத் திறக்கவில்லை.

தை மாதம் உங்கள் ஊர் அம்மன் கோயிலில் கல்யாணம். தேவா வீட்டிலிருந்து அவர் அண்ணன் மட்டும் வந்தார். என் பக்கம் நின்றது நீயும் மாமாவும் ரேவதியும்தான். எல்லாம் முறைப்படி நடக்க வேண்டும் என்று நீதான் பிடிவாதம் பிடித்தாய். மணமேடையில் நடுவதற்கு மாமாவை அனுப்பிக் கல்யாண முருங்கைக் கொம்பு வெட்டி வரச் செய்தாய். மஞ்சள் பூசி, மாவிலை கட்டி, நீயே கும்பிட்டு வைத்தாய். கல்யாணம் முடிந்ததும் உன் வீட்டுப் பின்பக்கமே நாங்கள் குடியேற, அந்தக் கொம்பை அங்கே கொல்லைப்புறத்தில் நட்டோம். அது துளிர்த்தால் குடும்பம் துளிர்க்கும் என்று கோயிலுக்கு வந்திருந்த ஒரு அம்மா போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போனார். அந்த ஒரு வார்த்தை என்னைப் பிடித்துக்கொண்டது. அப்பா ஆசீர்வாதம் செய்யாத கல்யாணம் அல்லவா? காலையில் ஷிப்டுக்குப் போகுமுன் ஒரு குடம், வந்ததும் ஒரு குடம் என்று ஊற்றினேன்.

மாசி போனது, பங்குனி போனது. ஒரு துளிர் இல்லை. அதற்குள் தேவாவின் ஒப்பந்த வேலையும் போய்விட்டது. நாள் முழுக்க வீட்டில் இருப்பவருக்கும், OT பார்த்துவிட்டு வருகிற எனக்கும் தொட்டதற்கெல்லாம் சண்டை. சித்திரை முடியும்போது நாங்கள் பேசிக்கொள்வதையே நிறுத்திவிட்டோம். ஒருநாள் கொம்பைத் தொட்டுப் பார்த்தேன். தோல் வழுக்கிக்கொண்டு கையோடு வந்தது. அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

நீ வந்து பார்த்தாய். கொம்பைப் பிடுங்கி, அடிமுனையை மோந்து பார்த்து முகத்தைச் சுளித்தாய்.

“அழுகிப்பூட்ச்சு. தெனம் ரெண்டு குடம் ஊத்துனா இன்னா பண்ணும்? இது வாழையா?”

“அப்போ எங்க கல்யாணமும் இப்பிடித்தான்கா…”

“ஏய், கல்யாணம் கட்டிகினது நீயும் அவனும். கொம்பு இல்ல. எழுந்திரு, வேற வெட்டிகினு வரலாம்.”

அந்த ஞாயிறு ஏரிக்கரைக்குப் போனோம். “தூக்க ஆம்பள வேணும்” என்று தேவாவையும் கூப்பிட்டாய். வேலியோரம் பெரிய மரம் ஒன்று இருந்தது. அடியில் காய் வெடித்துச் சிவப்பு விதைகள் சிதறிக் கிடந்தன. நீ ஒன்றை எடுத்துக் கல்லில் பரபரவென்று தேய்த்து என் கையில் வைத்தாய். சுரீரென்று சுட்டது. நான் கத்தினேன். தேவா சிரித்துவிட்டார். மூன்று வாரத்தில் முதல் சிரிப்பு. எனக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

என் தொடை அளவு கனத்தில் ஓர் ஆள் உயரக் கொம்பை வெட்டினாய். “எனக்கு இடுப்பு வலி” என்று அரிவாளை மட்டும் எடுத்துக்கொண்டு முன்னால் போய்விட்டாய். ஒரு முனையை அவரும் இன்னொரு முனையை நானும் பிடித்துக்கொண்டு வந்தோம். எங்கே பிடித்தாலும் முள். பேசாமல் அதைத் தூக்க முடியாது அக்கா. “மெதுவா.” “இந்தப் பக்கம் திருப்பு.” “கையக் காட்டு, ரத்தம் வருது.” வரப்பில் இரண்டு தடவை கீழே வைத்து எடுத்தோம். வீடு வந்து சேரும்போது அவர் ஸ்ரீபெரும்புதூரில் ஓர் இடத்தில் வேலைக்குச் சொல்லி வைத்திருப்பதை எனக்குச் சொல்லி முடித்திருந்தார். நீ ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. உனக்கு எந்த இடுப்பு வலியும் இல்லை என்பது எனக்கு அப்புறம்தான் உறைத்தது.

வெட்டுவாய் காயட்டும் என்று நாலு நாள் நிழலில் போட்டுவைத்தாய். பிறகு நட்டுவிட்டு என்னிடம் விரலை ஆட்டினாய். “தண்ணி ஊத்துன, கைய ஒடிச்சிடுவேன்.” ஆனி மாதம் கணுவில் பச்சையாக ஒரு புள்ளி வந்தது. நீ கேன்டீனில் என் தட்டில் சோறு போடும்போது, வரிசையில் எல்லோரும் நிற்க, “துளிரு உட்டுச்சுடி!” என்று கத்தினாய். பின்னால் நின்ற சூப்பர்வைசர் திடுக்கிட்டுப் போனார்.

அடுத்த வருடம் யாழினி பிறந்தாள். பிரசவத்துக்கு அம்மா வரவில்லை, நீ இருந்தாய். அதற்கும் அடுத்த வருடம் மாசியில் மரம் முதல்முறையாகப் பூத்தது. ஓர் இலைகூட இல்லாமல் ரத்தச் சிவப்பாய்ப் பூ. மைனாவும் காக்கையும் விடிந்ததிலிருந்து அதில் சண்டை போட்டன. நைட் ஷிப்ட் பார்த்துவிட்டு வந்து தூங்க முடியவில்லை என்று நான் முனகியதற்கு, “உன் கல்யாணத்துக்கு வந்தவங்கடி, கொஞ்சம் லேட்டா வந்துகிறாங்க” என்றாய்.

இதுவரை எழுதுவது சுலபமாக இருந்தது.

அதற்கு அடுத்த வருடம், கார்த்திகை மாதம். மத்தியானம். கொல்லைப்புறத்தில் துணி துவைத்துக்கொண்டிருந்தோம். சுற்றிலும் பார்த்துவிட்டு என் ஈரக் கையைப் பிடித்து உன் இடது மார்பின் ஓரத்தில் வைத்தாய்.

“கல்லு மாதிரி ஒண்ணு கீது, பாரேன்.”

இருந்தது. அசையாமல், புளியங்கொட்டையைவிடப் பெரிதாக.

“நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போவோம்க்கா.”

“ரேவதிக்கு இந்த வருசம் பன்னண்டாவது. இப்போ நான் போய் ஆஸ்பத்திரில படுத்தா அவ படிப்பாளா? பங்குனில பரிச்ச முடியட்டும். ஒண்ணும் ஆவாது.”

“மாமாகிட்டயாவது சொல்லு.”

“அந்த மனுசன் ஒரே நாள்ல ஊருக்கே சொல்லிடுவாரு. நீயும் சொல்லக் கூடாது.” நான் தலையாட்டாமல் நின்றேன். பக்கத்தில் மண்ணில் விளையாடிக்கொண்டிருந்த யாழினியின் தலைமேல் என் கையை எடுத்து வைத்தாய். “இவ மேல ஆணையா சொல்லு.”

சொன்னேன், அக்கா. இரண்டு வயதுக் குழந்தையின் தலை கையில் சூடாக இருந்தது. சொல்லிவிட்டேன்.

வீக்கத்துக்கு நல்லது என்று கல்யாண முருங்கை இலையை வதக்கி ராத்திரியில் வைத்துக் கட்டிக்கொண்டாய். அந்த இலையைப் பறித்துக் கொடுத்தது நான்தான். மாலையில் ஷிப்ட் முடிந்து வந்ததும் எட்டு இலை, பத்து இலை. சளிக்குக் கேட்கிற இலை இதற்குக் கேட்காது என்று எனக்கு உள்ளுக்குள் தெரியும். தெரிந்தும் பறித்தேன். ஏதோ செய்துகொண்டிருக்கிறோம் என்ற ஆறுதல் உனக்கு இருந்ததோ இல்லையோ, எனக்கு இருந்தது. தை பிறந்ததும் மரம் வழக்கம்போல இலையைக் கொட்டியது. ஒருநாள் காலையில் ஏணி போட்டு ஏறித் தேடியும் மூன்று இலைதான் கிடைத்தது. அன்றைக்காவது மாமாவிடம் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். ஏணியிலிருந்து இறங்கியபோது அவர் கொல்லை வாசலில் உட்கார்ந்து பல் துலக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து, “இன்னாம்மா, கம்பளிப்பூச்சியா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

ரேவதி கடைசிப் பரீட்சை எழுதிய மறுநாள் காஞ்சிபுரம் ஆஸ்பத்திரிக்குப் போனோம். நீ, மாமா, இடுப்பில் யாழினியோடு நான். டாக்டரம்மா தொட்டுப் பார்த்துவிட்டு, “எத்தனை மாசமா இருக்கு?” என்றார்.

“இப்பத்தான்மா, பத்து நாளா” என்றாய்.

“அஞ்சு மாசம்” என்றேன் நான்.

மாமா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் இன்னும் தாண்டவில்லை அக்கா. அவர் ஒரு நாளும் அதைப் பற்றிப் பேசியதில்லை. பேசியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

திரும்பி வரும் பஸ்ஸில் நீ ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாய். வாலாஜாபாத் தாண்டியதும் என் மடியில் தூங்கிக்கொண்டிருந்த யாழினியின் உச்சந்தலையில் உன் உள்ளங்கையை வைத்தாய். எதையோ வழித்து எடுப்பதுபோல் எடுத்து ஜன்னலுக்கு வெளியே உதறினாய்.

“எடுத்துட்டேன். புள்ள மேல சத்தியம் வாங்கிட்டேன் பாரு, அது தப்புடி. ரொம்பத் தப்பு.”

உன் உடம்பைப் பற்றி அன்றைக்கு நீ சொன்னது அவ்வளவுதான். என்மேல் கோபமா என்று கேட்கத் துணிச்சல் வரவில்லை.

ஆபரேஷன், மருந்து, முடி கொட்டியது, மறுபடி முளைத்தது. நடுவில் ரேவதி நர்சிங் சேர்ந்தாள். ஒரு பொங்கல் உன்னோடு கூடுதலாகக் கிடைத்தது. மாசி மாதம், ஒரு புதன்கிழமை பத்து மணிக்கு, மாமாவின் கையைப் பிடித்தபடி போய்விட்டாய்.

உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்ல வேண்டும். உன்னை எடுத்துக்கொண்டு போக ஆட்கள் தயாராகிக்கொண்டிருந்தபோது தெருவில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. அப்பா இறங்கினார். ஐந்து வருடத்தில் மூத்துப் போயிருந்தார். நேராக உள்ளே போய் உன் காலடியில் மாலையை வைத்துவிட்டு, குனிந்தபடியே வெகுநேரம் நின்றார். வெளியே வந்ததும், “உங்களுக்கு யாருப்பா சொன்னா?” என்று கேட்டேன்.

“அந்தப் பிள்ளைதான். ரேவதி.” தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “இவுக மாசம் ஒரு தடவ போன் போடுவாகளா… நீ மாசமா இருந்தது, பேத்தி பொறந்தது, நடந்தது, பல்லு மொளச்சது, அத்தனையும் இவுக சொல்லித்தான் எனக்குத் தெரியும். ‘நீங்களா வந்து பாக்குற வரைக்கும் உங்க மவகிட்ட நான் சொல்ல மாட்டேன்’னு அன்னைக்கு பஸ் ஸ்டாண்டுல சொன்னாக. வாரேன் வாரேன்னு சொல்லிக்கிட்டே இருந்தேன். இப்பம் வந்து நிக்கேன்.”

உன் வீட்டு வாசலில் அவர் ஒரு சொம்பு தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். பிறகு யாழினியைத் தூக்கிக்கொண்டார். அவள் அழவில்லை. இப்போது வருடத்துக்கு இரண்டு முறை அம்மாவோடு வருகிறார். வரும்போதெல்லாம் முதலில் மாமாவிடம்தான் போய் உட்காருவார்.

நீ என் விஷயத்தில் காத்த ரகசியம் என்னைக் குடும்பத்தோடு சேர்த்தது. நான் உன் விஷயத்தில் காத்த ரகசியம் என்ன செய்தது என்று நாம் இருவருக்கும் தெரியும். முன்னாலேயே வந்திருந்தால் நீ பிழைத்திருப்பாய் என்று எந்த டாக்டரும் என்னிடம் சொல்லவில்லை. பிழைத்திருக்க மாட்டாய் என்றும் சொல்லவில்லை. அதோடுதான் இருக்கிறேன்.

இப்போது நான் லைன் லீடர். என் லைனில் முப்பது பெண்கள், பாதிப் பேர் அன்றைய என்னை மாதிரி சளி பிடித்தாலும் சொல்லாமல் வேலைக்கு வருகிறவர்கள். ஆவணி மாதம், முத்துலட்சுமி என்று ராமநாதபுரத்துப் பெண், இருபத்தொரு வயது, டிரெஸ் மாற்றும் அறையில் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். மார்பில் ஒரு கட்டி. “தீபாவளிக்கு ஊருக்குப் போறப்ப பாத்துக்கிறேன்க்கா. யார்ட்டயும் சொல்லிராதீங்க, ப்ளீஸ்” என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“சொல்லுவேன்” என்றேன்.

அவளுக்குப் புரியவில்லை. நான் ஷிப்ட் இன்சார்ஜிடம் போய் இருவருக்கும் அரைநாள் கேட்டேன். அவள் அழுதாள், திட்டினாள், உங்களை நம்பிச் சொன்னேனே என்றாள். காஞ்சிபுரம் பஸ்ஸில் என் பக்கம் திரும்பாமலே வந்தாள். அவள் முன்னாலேயே அவள் அம்மாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். அதே ஆஸ்பத்திரி, அதே நீளமான பெஞ்சு. ஊசி போட்டு எடுத்துப் பார்த்து, பத்து நாள் கழித்து, வெறும் கொழுப்புக் கட்டி என்று எழுதிக் கொடுத்தார்கள்.

நாலு மாதமாகிறது. முத்துலட்சுமி இன்னும் என்னோடு பேசுவதில்லை. கேன்டீனில் என்னைக் கண்டால் வேறு டேபிளுக்குத் தட்டை எடுத்துக்கொண்டு போகிறாள். அங்கே உட்கார்ந்து நன்றாகச் சாப்பிடுகிறாள், இரண்டாம் தடவை சோறு கேட்டு வாங்கிக்கொள்கிறாள், பக்கத்தில் இருப்பவளிடம் என்னைப் பற்றி ஏதோ சொல்லிச் சிரிக்கிறாள். நான் என் தட்டைப் பார்த்துக்கொண்டே அந்தச் சிரிப்பைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.